விசேஷம் இல்லையா? கணவனும் பரிசோதனைக்குப் போக வேண்டும்

“கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆகுதே, ஏதாவது விசேஷம் உண்டா?”

புதிதாகக் கல்யாணமானவர்கள் இருக்கும் வீட்டுக்கு ஊரிலிருந்து போன் வந்தால், மழை, விளைச்சல், உறவினர் நலம் எல்லாம் பேசி முடித்த பிறகு கடைசியில் வருவது இந்தக் கேள்விதான். தாராவியில் ஒற்றை அறையில் குடியிருப்பவருக்கும் இந்தக் கேள்வி வருகிறது. டோம்பிவிலியிலிருந்து தினமும் ரயில் பிடித்து ஆபீசுக்குப் போகும் குமாஸ்தாவுக்கும் வருகிறது. கேட்பது மகனிடம். ஆனால் பதில் சொல்ல வேண்டியவளாக நிற்பது மருமகள்.

இரண்டு வருஷம் மூன்றாகி, மூன்று நான்கானால் பேச்சின் தொனி மாறிவிடுகிறது. “அவளை டாக்டரிடம் காட்டினாயா?” என்கிறார்கள். “நீ போய்க் காட்டினாயா?” என்று மகனைக் கேட்பவர்கள் மிகக் குறைவு.

இந்தக் கேள்வி கேட்கப்படாததால் எத்தனையோ குடும்பங்களில் ஆண்டுகள் வீணாகின்றன. மனைவி ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கருக்குழாய் எக்ஸ்ரே என்று ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு, கடைசியில் வயிற்றில் துளை போட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோபி வரை போய்விடுகிறாள். கணவனுக்குத் தேவையான முதல் பரிசோதனையோ ஊசி குத்தாத, வலிக்காத, செலவு குறைந்த விந்துப் பரிசோதனை. அது கடைசியில்தான் நடக்கிறது. சில வீடுகளில் நடப்பதே இல்லை.

அரச மரமும் புருஷனும்

“அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டாளாம்” என்று ஒரு பழமொழி உண்டு. அரசன் என்பது இங்கே நாட்டை ஆளும் ராஜா அல்ல, அரச மரம்தான் என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள். பிள்ளை வரம் கேட்டு மரத்தைச் சுற்றினால் மட்டும் போதாது, புருஷனும் வேண்டும் என்பது அதன் பொருளாம். மரத்தைச் சுற்றுவதும் ராமேசுவரம் போவதும் அவரவர் நம்பிக்கை. ஆனால் அந்தப் பழமொழி சொன்ன பெரியவர், குழந்தை என்பது இருவர் சம்பந்தப்பட்ட காரியம் என்பதை அறிந்தே சொல்லியிருக்கிறார்.

மருத்துவம் சொல்லும் கணக்கும் அதுவே. குழந்தைப்பேறு தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் கணவன் பக்கத்திலும் ஏதாவது ஒரு காரணம் இருக்கிறது. சுமார் ஐந்தில் ஒரு பங்குத் தம்பதிகளிடம் காரணம் கணவனிடம் மட்டுமே இருக்கிறது. ஆனாலும் “மலடி” என்ற சொல் நம் ஊர்களில் புழங்குகிற அளவுக்கு “மலடன்” என்ற சொல் புழங்குவதில்லை. பழி ஒரு பக்கமாகவே விழுந்து பழகிவிட்டது.

இது அபூர்வமான கஷ்டமும் அல்ல. உலகத்தில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஏதாவது ஒரு கட்டத்தில் இந்தப் பிரச்னையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. பக்கத்து அறையில் இருப்பவருக்கும் அதே கவலை இருக்கலாம். சொல்லத்தான் ஆளில்லை.

ஆண்மை வேறு, எண்ணிக்கை வேறு

ஆண்கள் பரிசோதனைக்குத் தயங்குவதற்கு முதல் காரணம் வெட்கம் அல்ல, பயம். “கவுண்ட் குறைவு” என்று சீட்டில் எழுதி வந்துவிட்டால் தான் ஆணே அல்ல என்று ஆகிவிடுமோ என்ற பயம்.

இது முற்றிலும் தவறான எண்ணம். தாம்பத்திய உறவில் ஈடுபடும் சக்தி ஒன்று. விந்தில் உள்ள உயிரணுக்களின் எண்ணிக்கை வேறொன்று. உறவில் எந்தக் குறையும் இல்லாத, நல்ல உடற்கட்டுள்ள, கனமான மூட்டையைத் தூக்கி வைக்கிற ஆணுக்கும் எண்ணிக்கை குறைவாக இருக்கலாம். மெலிந்த, நோஞ்சான் என்று பெயரெடுத்தவருக்கு அது ஏராளமாக இருக்கலாம். விந்தின் அளவையோ நிறத்தையோ கண்ணால் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. ஏனெனில் விந்தில் மிகப் பெரும் பகுதி வெறும் சுரப்பு நீர்தான். உயிரணுக்கள் அதில் சிறு பங்கே. அவற்றை எண்ண மைக்ராஸ்கோப் வேண்டும்.

அந்த உயிரணுக்களை முதன்முதலில் மைக்ராஸ்கோப்பில் ஆராய்ந்து உலகத்துக்கு எழுதியவர் டாக்டர் அல்ல, ஹாலந்து நாட்டில் டெல்ப்ட் நகரத்து ஜவுளி வியாபாரி லேவன்ஹுக். துணியின் இழைகளைக் கண்ணாடி வில்லையில் பார்க்கிற தொழிலில் இருந்தவர். தாமே செய்த வில்லையில் பார்த்து 1677-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். அதற்கு முன் உலகத்துக்கு இந்த விஷயம் தெரியாது.

“ஒரு சொட்டு விந்து எண்பது சொட்டு ரத்தம்” என்ற பேச்சும் அப்படித் தெரியாத காலத்தின் மிச்சமே. ரத்தத்திலிருந்து விந்து வடிவதில்லை. இளமையில் ஏற்பட்ட பழக்கங்களால் அது “தீர்ந்து” போவதும் இல்லை. விரைகளில் ஒவ்வொரு நாளும் கோடிக்கணக்கில் புதிய உயிரணுக்கள் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கின்றன. ஓர் உயிரணு உருவாகி முடிய சுமார் 74 நாட்கள் ஆகும். அது முதிர்ந்து வெளிவரும் நாட்களையும் சேர்த்தால் ஏறத்தாழ மூன்று மாதம். இந்த மூன்று மாதக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்று வருகிற பரிசோதனை முடிவு, மூன்று மாதத்துக்கு முன் உடம்பு இருந்த நிலையைக் காட்டுகிறது. இன்று புகையை விட்டால் அதன் பலன் தெரிய மூன்று மாதம் ஆகும்.

பரிசோதனை எப்படி?

விந்துப் பரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாட்கள் வரை உறவு இல்லாமல் இருக்க வேண்டும். அதற்கும் குறைவாக இருந்தால் எண்ணிக்கை குறைந்து காட்டும். அதிகமானால் பழைய, அசைவு குறைந்த அணுக்கள் சேர்ந்துவிடும்.

ஆஸ்பத்திரியிலோ லேபிலோ கொடுக்கும் சுத்தமான டப்பாவில், அங்கேயே உள்ள தனியறையில் எடுத்துக் கொடுப்பது நல்லது. அது முடியாதவர்கள், லேப் அனுமதித்தால், வீட்டிலேயே எடுத்து உடம்புச் சூட்டில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். கூட்ட நெரிசலான ரயிலில் இரண்டு மணி நேரம் கொண்டுபோன டப்பாவை வைத்து முடிவு சொல்ல முடியாது. கடையில் வாங்கும் சாதாரண ஆணுறையில் பிடித்துக் கொடுக்கக் கூடாது. அதில் தடவியுள்ள பொருள் அணுக்களைக் கொன்றுவிடும். முதலில் வரும் பகுதியில்தான் அணுக்கள் அதிகம். அது தவறிவிட்டால் மறைக்காமல் லேபில் சொல்லிவிட வேண்டும்.

முடிவுச் சீட்டில் எண்கள் பல இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கையேட்டின்படி, கீழ் எல்லையாகக் கொள்ளப்படுவது ஒரு மில்லி லிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் அணுக்கள். ஒரு தடவை வரும் விந்து முழுவதிலும் சேர்த்து 3 கோடியே 90 லட்சம். விந்தின் அளவு 1.4 மில்லி லிட்டர். அசையும் அணுக்கள் நூற்றுக்கு 42. ஒழுங்கான வடிவம் உள்ளவை நூற்றுக்கு 4.

கடைசி எண்ணைப் பார்த்துப் பலர் கலங்கிப்போகிறார்கள். “நூற்றில் 96 கெட்டுப்போயிருக்கிறது” என்று மனைவியிடம் சொல்லி அழுதவர்களும் உண்டு. 4 என்பது அங்கே சரியான எண். நூற்றுக்குத் தொண்ணூறு மார்க்கு வாங்க வேண்டிய பரீட்சை அல்ல இது.

இந்த எல்லைகள் எப்படி வந்தன என்பதும் தெரிந்துகொள்ளத் தக்கது. முயன்று ஒரு வருஷத்துக்குள் தகப்பனான ஆண்களின் விந்தை எண்ணிப் பார்த்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 5 பேருக்கு எண்ணிக்கை இந்த எல்லைக்கும் கீழேதான் இருந்தது. அவர்களுக்கும் குழந்தை பிறந்திருக்கிறது! ஆகவே எல்லைக்குக் கீழே என்றால் வாய்ப்புக் குறைவு என்று பொருளே தவிர, வாய்ப்பே இல்லை என்று பொருளில்லை.

ஒரே ஆணுக்கு ஒரு மாதம் ஒரு மாதிரியும் மறு மாதம் வேறு மாதிரியும் எண்ணிக்கை வரும். ஒரு வாரம் கடுமையான காய்ச்சலில் படுத்து எழுந்திருந்தால் அடுத்த சில மாதங்களுக்கு எண்ணிக்கை சரிந்திருக்கும். அதனால் முதல் முடிவு குறைவாக வந்தால் சில வாரங்கள் விட்டு இன்னொரு முறை பார்ப்பது முறை. ஒரே சீட்டை வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

குறைவதற்குக் காரணங்கள்

ஆணின் விரைகள் உடம்புக்கு வெளியே தொங்குவதற்குக் காரணம் இருக்கிறது. அணு உற்பத்திக்கு உடம்புச் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி வரை குறைந்த சூடு வேண்டும். அந்தச் சூடு ஏறினால் உற்பத்தி குறையும்.

இதில் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது வெரிகோசில் என்னும் விரை நாள வீக்கம். காலில் நரம்பு சுருண்டு புடைப்பது போல, விரைப்பையில் உள்ள ரத்த நாளங்கள் புடைத்துக்கொள்கின்றன. பெரும்பாலும் இடது பக்கத்தில் வரும். நூறு ஆண்களில் சுமார் 15 பேருக்கு இது இருக்கிறது. எல்லோருக்கும் இதனால் தொல்லை வருவதில்லை. ஆனால் குழந்தை இல்லை என்று வரும் ஆண்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களிடம் இதைக் காணலாம். டாக்டர் கையால் தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

வாலிப வயதில் வந்த பொன்னுக்கு வீங்கி விரையையும் தாக்கியிருக்கலாம். குழந்தையாக இருந்தபோது விரை கீழே இறங்காமல் இருந்திருக்கலாம். பால்வினை நோயோ, காச நோயோ குழாயை அடைத்திருக்கலாம். சர்க்கரை நோயில் விந்து வெளியே வராமல் பின்னோக்கி மூத்திரப் பைக்குள் போய்விடுவதும் உண்டு. பிறவியிலேயே குரோமோசோம் குறை இருக்கலாம். எவ்வளவு தேடியும் காரணம் தெரியாதவர்களும் பலர்.

பீடி, சிகரெட், வாயில் அதக்கும் புகையிலை, அளவு மீறிய குடி, தொப்பை ஆகியவை எண்ணிக்கையையும் அசைவையும் கெடுக்கின்றன. இவை ஒவ்வொன்றும் அவரவர் கையில் உள்ளவை.

இன்னொன்று புதிதாகப் பரவியிருக்கிறது. ஜிம்முக்குப் போகிற இளைஞர்கள் உடம்பு ஏற்றப் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு ஊசி, “ஆண்மை ஊசி” என்று சிலர் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரான் ஊசி. வெளியிலிருந்து அந்தச் சுரப்பு வந்துவிட்டால், மூளை விரைகளுக்கு வேலை நிறுத்தம் அறிவித்துவிடுகிறது. அணு உற்பத்தி அடியோடு நின்றுவிடவும் கூடும். நிறுத்திய பிறகு மீண்டுவரப் பல மாதங்கள் ஆகும். குழந்தைக்கு முயலும்போது இந்த ஊசியின் பக்கமே போகக் கூடாது.

வேலை செய்யும் இடம்

மும்பையில் தமிழர்கள் செய்யும் வேலைகளில் சூட்டோடு சம்பந்தப்பட்டவை பல. இட்லிக் கொப்பரை முன் விடியற்காலை முதல் நிற்பவர்கள், ஓட்டல் அடுப்படியில் வேலை செய்பவர்கள், வெல்டிங் செய்பவர்கள், லாரியும் டாக்சியும் ஓட்டி நாள் முழுவதும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள். இந்த மாதிரி வேலைகளில் விந்தின் தரம் குறையலாம் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. பாட்டரி வேலையில் வரும் ஈயமும், சில பூச்சி மருந்துகளும் அதைவிட மோசமானவை.

1977-ல் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து லாத்ராப் என்ற ஊரில் நடந்தது எல்லாத் தொழிலாளர்களும் அறிய வேண்டியது. அங்கே பூச்சி மருந்து ஆலையில் வேலை பார்த்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோது, பல பேருக்குக் கொஞ்ச காலமாகக் குழந்தையே பிறக்காததைக் கவனித்தார்கள். ஒவ்வொருவரும் தன் வீட்டுக் குறை என்று நினைத்து மூடி வைத்திருந்தது, பேசியபோதுதான் பொதுவான குறை என்று தெரிந்தது. பரிசோதனை செய்து பார்த்ததில் பலருக்கு அணுக்கள் மிகக் குறைவாகவும், சிலருக்கு இல்லாமலே போயும் இருந்தன. மண்ணில் உள்ள நூற்புழுக்களைக் கொல்லும் டி.பி.சி.பி. என்ற மருந்துதான் காரணம். 1979-ல் அமெரிக்க அரசு அதன் பெரும்பாலான உபயோகங்களை நிறுத்தியது. கண்டுபிடித்துக் கொடுத்தது தொழிலாளர்களின் பேச்சு!

எல்லோரும் வேலையை விட்டுவிட முடியாது. வேலையை விடச் சொல்லவும் தேவையில்லை. ஆனால் டாக்டரிடம் போகும்போது என்ன வேலை, எவ்வளவு நேரம், எந்த மருந்து அல்லது உலோகத்தோடு பழக்கம் என்பதைச் சொல்ல வேண்டும். அடுப்படிக்காரர் இடையிடையே வெளிக்காற்றில் நிற்கலாம். டிரைவர் வண்டியை நிறுத்தி இறங்கி நடக்கலாம். இறுக்கமான உள்ளாடையை விட்டுத் தளர்வான பருத்தித் துணி அணியலாம். இதனால் அதிசயம் நடந்துவிடாது. செலவும் இல்லை.

லீவுக் கணக்கு

கணவன் மும்பையில், மனைவி ஊரில். இப்படிப் பிரிந்திருக்கும் தம்பதிகளுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு.

ஒரு வருஷம் முயன்றும் கருத்தரிக்காவிட்டால் பரிசோதனை தேவை என்று டாக்டர்கள் கூறுகின்றனர். மனைவிக்கு 35 வயதுக்கு மேல் என்றால் ஆறு மாதத்திலேயே போய்விட வேண்டும். ஒரு வருஷம் என்பது சேர்ந்து வாழ்ந்த ஒரு வருஷம். ஆண்டுக்கு 15 நாள் லீவில் ஊருக்குப் போய்வருகிறவர், கல்யாணமாகி நான்கு வருஷம் ஆனாலும் சேர்ந்து இருந்தது இரண்டு மாதம்தான்.

அந்த இரண்டு மாதமும் பயன்பட்டதா என்பது அடுத்த கேள்வி. பெண்ணின் கருமுட்டை வெளிவந்து ஒரு நாள்தான் உயிரோடு இருக்கும். ஆணின் அணு பெண்ணின் உடலில் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கக் கூடும். அதனால் மாதத்தில் கரு உண்டாகக் கூடிய நாட்கள் ஆறுதான். 28 நாளுக்கு ஒருமுறை ஒழுங்காக மாதவிலக்கு ஆகும் பெண்ணுக்கு, விலக்கான முதல் நாளிலிருந்து எண்ணினால் சுமார் 9-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை. கணவன் 15-ஆம் நாளன்று போய் இறங்கி, அடுத்த விலக்குக்கு முன் ரயில் ஏறினால், லீவு முழுவதும் வீணாகிவிடும். ஊரில் மட்டும் “வந்துவிட்டுப் போனானே, இன்னும் ஒன்றும் இல்லையா?” என்று மனைவியைக் கேட்பார்கள்.

இவர்களில் பலருக்கு நோயே இல்லை. டிக்கெட் எடுக்குமுன் மனைவியிடம் தேதியைக் கேட்டுவிட்டு லீவு எழுதிக் கொடுப்பதுதான் முதல் வைத்தியம். எண்ணிக்கை குறைவாக உள்ளவர்களுக்கு இந்த நாட்கள் இன்னும் முக்கியம். அந்த ஆறு நாட்களில் தினமுமோ ஒரு நாள் விட்டு ஒரு நாளோ சேர்ந்திருந்தால் போதும். “சேர்த்து வைக்கிறேன்” என்று வாரக்கணக்கில் விலகி இருப்பதில் பலனில்லை.

சேர்ந்து வாழ்கிறவர்களுக்கும் மும்பையில் இடைஞ்சல் இருக்கிறது. கணவனுக்கு ராத்திரி ஷிப்டு, மனைவிக்குப் பகல் வேலை, ஒரே அறையில் மாமியாரும் மைத்துனரும். இதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இது வெட்கப்பட வேண்டிய விஷயம் அல்ல, சிகிச்சைக்குத் தேவையான தகவல்.

லாட்ஜ் வைத்தியர்கள்

எண்ணிக்கை குறைவு என்று தெரிந்தவுடன் பலர் யாருக்கும் தெரியாமல் போகுமிடம் லாட்ஜில் ரூம் எடுத்துத் தங்கும் “பரம்பரை வைத்தியர்”. ரகசியம் காப்பார் என்பது ஒரு ஆறுதல். சூரணம், லேகியம், தங்க பஸ்பம் என்று சம்பளப் பணம் கரையும். ஆண்மைக் குறைவைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டின் மந்திர மருந்து விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம். சட்டத்துக்குப் பயந்து சுவரில் எழுதாதவர்கள் இல்லை.

ஆங்கில மருந்துக் கடையில் விற்கும் சத்து மாத்திரைகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டியதில்லை. துத்தநாகமும் போலிக் ஆசிடும் கொடுத்து 2,370 தம்பதிகளிடம் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2020-ல் அமெரிக்காவில் வெளியாயிற்று. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் குழந்தை பிறந்த விகிதத்தில் வித்தியாசம் இல்லை.

பணத்தைவிடப் பெரிய நஷ்டம் காலம். கணவன் ரகசியமாக மூன்று வருஷம் லேகியம் சாப்பிடும்போது மனைவிக்கும் மூன்று வயது கூடுகிறது. பெண்ணின் வயது ஏற ஏற, பிறகு எந்தச் சிகிச்சை செய்தாலும் பலிக்கும் வாய்ப்புக் குறைகிறது.

உண்மையான சிகிச்சை

முதலில் போக வேண்டியது யூராலஜி டாக்டரிடம். பரேல் கே.இ.எம்., சயான், நாயர் போன்ற மாநகராட்சியின் பெரிய ஆஸ்பத்திரிகளில் யூராலஜிப் பிரிவு இருக்கிறது. டாக்டர் உடம்பைப் பரிசோதித்து, தேவைப்பட்டால் ஹார்மோன் பரிசோதனை எழுதுவார். எண்ணிக்கை 50 லட்சத்துக்கும் கீழே மிகக் குறைந்திருந்தால் குரோமோசோம் பரிசோதனையும் சொல்லலாம்.

வெரிகோசில் இருந்து எண்ணிக்கையும் குறைந்திருந்தால் ஆபரேஷன் பலருக்கு உதவுகிறது. பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். தொற்று இருந்தால் மருந்து உண்டு. மூளையிலிருந்து வரும் ஹார்மோன் குறைவு என்றால் ஊசி நல்ல பலன் தரும். குழாய் அடைப்பு என்றால் அதையும் சரிசெய்ய வழி இருக்கிறது.

எண்ணிக்கை கொஞ்சம்தான் குறைவு என்றால், விந்தைச் சுத்தம் செய்து, துடிப்பான அணுக்களை மட்டும் பிரித்துச் சிறு குழாய் மூலம் கருப்பையில் சேர்ப்பார்கள். படுக்கை தேவைப்படாத எளிய முறை.

அதற்கும் முடியாதவர்களுக்கு உள்ள வழி, மக்கள் “டெஸ்ட் டியூப் பேபி” என்று அழைப்பது. 1978 ஜூலை 25-ல் இங்கிலாந்தில் முதல் குழந்தை பிறந்தது. அதே ஆண்டு அக்டோபர் 3-ல் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை. 1981-ல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அவர் செய்தது உண்மை என்று பல ஆண்டுகளுக்குப் பிறகு வெளிப்படுத்தியவர் விஞ்ஞானி டி.சி.ஆனந்த குமார். இந்த ஆனந்த குமாரும் டாக்டர் இந்திரா ஹிந்துஜாவும் சேர்ந்து உழைத்ததன் பலனாகத்தான் 1986 ஆகஸ்டு 6-ல் பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆலைத் தொழிலாளர்கள் நிறைந்திருந்த பரேலில், மாநகராட்சி ஆஸ்பத்திரியில் நடந்த சாதனை அது.

ஆனால் அந்த முறையிலும் கணவனின் அணுக்கள் போதுமான அளவு வேண்டும். மிகக் குறைந்த எண்ணிக்கை உள்ளவர்களுக்குக் கதவு திறந்தது 1992-ல். ஒரே ஓர் உயிரணுவை மெல்லிய ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்தும் “இக்சி” முறையில் கரு உண்டாக்கிய வெற்றியைப் பெல்ஜியம் நாட்டு பிரஸ்ஸல்ஸ் டாக்டர்கள் அந்த ஆண்டு அறிவித்தார்கள். கோடிகள் தேவைப்பட்ட இடத்தில் ஒன்று போதும் என்று ஆயிற்று. விந்தில் அணுவே இல்லாத சிலருக்கும் விரையிலிருந்து நேராக எடுத்துச் செய்ய முடிகிறது.

தனியார் ஆஸ்பத்திரியில் இதற்கு ஒரு தடவைக்கே லட்ச ரூபாய்க்கு மேல் ஆவது சாதாரணம். முதல் தடவையே பலிக்கும் என்று நேர்மையான டாக்டர் எவரும் உறுதி சொல்ல மாட்டார். “நூற்றுக்கு நூறு” என்று சொல்லும் இடத்தைவிட்டு எழுந்து வந்துவிட வேண்டும். 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, இந்தச் சிகிச்சை செய்யும் நிலையங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். மனைவிக்கு 21 முதல் 50 வயதும், கணவனுக்கு 21 முதல் 55 வயதும் வரம்பு. இருவரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் எதுவும் செய்யக் கூடாது. வேறொருவரின் விந்தைப் பயன்படுத்துவதானால் பதிவு பெற்ற வங்கியிலிருந்துதான் பெற வேண்டும். பிறக்கும் குழந்தை சட்டப்படி அந்தத் தம்பதிகளின் சொந்தக் குழந்தை. பதிவுச் சான்றையும், மருந்துச் செலவு உட்பட மொத்தத் தொகையையும் முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது தம்பதிகளின் உரிமை.

ஊர் நிலத்தை விற்றோ, வட்டிக்கு வாங்கியோ இதில் இறங்குமுன் கணவனும் மனைவியும் உட்கார்ந்து ஒரு வரம்பு போட்டுக்கொள்வது நல்லது. எத்தனை தடவை, எவ்வளவு பணம், எந்த வயது வரை என்று. வரம்பு போடாமல் இறங்கியவர்கள், அடுத்த தடவை கிடைக்கும் என்று கடன்மேல் கடன் வாங்கித் தவிப்பதும் உண்டு.

வீட்டுக்குள் நடக்க வேண்டியது

மருந்தும் ஊசியும் ஆஸ்பத்திரியில் முடிந்துவிடும். வீட்டுக்குள் நடப்பதுதான் கடினமானது.

சீட்டைப் பார்த்த ஆண்களில் சிலர் அதை மடித்து டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துவிடுகிறார்கள். சிலர் குடிக்கத் தொடங்குகிறார்கள். சிலர் மனைவியிடம் எரிந்து விழுகிறார்கள். நண்பன் வீட்டுப் பெயர் சூட்டும் விழாவுக்குப் போகாமல், ஆபீசில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு தாதர் ஸ்டேஷனில் தனியாக உட்கார்ந்திருப்பவர் இருப்பார். இவை எல்லாம் துக்கத்தின் வடிவங்கள்தான். துக்கம் இயற்கை. ஆனால் அதை மனைவியிடம் மறைத்தால் அவள்மீது பழியும் ஏறுகிறது, தனிமையும் ஏறுகிறது.

மனைவிகளோ வேறு விதம். கணவனிடம் குறை என்று தெரிந்த பிறகும், “எனக்குத்தான் ஏதோ கோளாறாம்” என்று மாமியாரிடம் சொல்லிப் பழியைத் தாங்கிக்கொள்கிற பெண்கள் இருக்கிறார்கள். கணவனின் மானத்தைக் காக்கிறார்களாம். அந்த மானத்துக்கு விலையாக அவள் கேட்கும் ஏச்சு எத்தனை! வளைகாப்பு வீட்டில் ஓரமாக நிற்க வைக்கப்படுவது எத்தனை! மகனுக்கு இரண்டாம் கல்யாணம் என்ற பேச்சு வரை போகிற குடும்பங்களும் உண்டு. இந்துத் திருமணச் சட்டம் 1955-லேயே அதற்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. முதல் மனைவி இருக்க இரண்டாம் கல்யாணம் செல்லாது, குற்றமும்கூட. குழந்தை இல்லை என்பது அதற்குச் சாக்கும் ஆகாது.

இங்கே வாயைத் திறக்க வேண்டியவன் கணவன். முழு விவரத்தையும் ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. “அம்மா, எங்க ரெண்டு பேருக்கும் வைத்தியம் நடக்குது. கேக்கணும்னா என்கிட்ட கேளு. அவகிட்ட கேக்காதே” என்று ஒரு தடவை தாயிடம் போனில் சொல்லிவிட்டால் போதும். அதில் பொய் இல்லை. யார் மானமும் போகவில்லை. மருமகளின் தலையிலிருந்து மட்டும் பாரம் இறங்குகிறது. ஊரில் மாமியாரோடு இருக்கும் மனைவிக்கு அந்த ஒரு வாக்கியம் எந்த மருந்தையும்விடப் பெரிய உதவி.

டாக்டரிடமும் இருவரும் சேர்ந்தே போக வேண்டும். முடிவை இருவரும் ஒன்றாகக் கேட்டால் யாரும் யாரிடமும் மறைக்க வேண்டியிருக்காது. தேதி பார்த்து, மணி பார்த்துச் சேர்வது சில மாதங்களில் சலிப்பைத் தந்துவிடும். அப்போது ஒரு மாதம் கணக்கை மறந்து சும்மா இருப்பதில் தவறில்லை. குழந்தைக்கு முன்னால் இருந்தது கணவன் மனைவி உறவு. அது கெட்டுவிடக் கூடாது.

தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், வாழ்க்கையே வெறுத்துப் போகிற அளவுக்கு மனம் சோர்ந்தால் அதற்கும் டாக்டர் உண்டு. மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் போன் செய்தால் தமிழிலும் பேசலாம். காசு கிடையாது, பெயரும் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாம் செய்தும் பலிக்காதவர்கள் சிலர் இருக்கத்தான் செய்வார்கள். சட்டப்படி தத்து எடுக்க மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் மூலம் தம்பதிகள் பதிவு செய்துகொள்ளலாம். கல்யாணமாகி இரண்டு வருஷமாவது சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். காத்திருக்க வேண்டிய காலம் நீளமானது என்பதால், முடிவு செய்தவர்கள் தாமதிக்காமல் பதிந்துவிடுவது நல்லது. குழந்தை இல்லாமலே ஒருவருக்கொருவர் துணையாக நிறைவாக வாழ்கிறவர்களும் உண்டு. எது சரி என்று முடிவு செய்ய வேண்டியது அந்த இருவர். போனில் கேட்கிறவர்கள் அல்ல.

கல்யாணமாகி ஒரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் குழந்தை இல்லை என்றால், மனைவியை அழைத்துக்கொண்டு போகும் அதே நாளில் கணவனும் தன் பெயருக்கு ஒரு கேஸ் பேப்பர் எடுத்துக்கொள்ள வேண்டும். விந்துப் பரிசோதனைக்கு ஆகும் செலவு கொஞ்சம், ஆகும் நேரம் ஒரு காலைப் பொழுது. அதில் மிச்சமாவது மனைவியின் இளமையில் பல வருஷம்.